குறைந்த பணத்தில் புதிய சமையலறை: முதலில் தண்ணீர், கடைசியில் அலமாரி

(தொலைக்காட்சி அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். “இந்த வருஷமாவது குசினியை இடிச்சுக் கட்டணும்!” உடனே கடைக்குப் போவோம். பளபளக்கும் அலமாரிகளைப் பார்ப்போம். “முன்பணம் கொஞ்சம் கட்டுங்க, மீதி மாதத் தவணை” என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். சமையலறையைத் திட்டமிட்டுவிட்டதாக ஒரு நிறைவு. உண்மையில் நாம் ஓர் அலமாரியை வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இதை நான் யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அப்படி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

அம்மா ஏன் வெளியே சமைத்தார்?

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். பின்னால் சாய்ப்பு இறக்கிய குசினி. மண் அடுப்பு, ரப்பர் விறகு, ஒரு பலகை, ஓர் அம்மி. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் அந்தப் பலகையில் உட்கார்ந்தபடியே சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிடுவார். தோட்டம் கைமாறிய பிறகு சிம்மோர் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். சமையலறை அகலம் ஏழு அடி, நீளம் ஒன்பது அடி.

வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியதும் அம்மாவுக்கு நல்ல சமையலறை கட்டித் தரவேண்டும் என்று எனக்கு ஆசை. 2016 தீபாவளிக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் 11,500 வெள்ளிக்கு அலமாரி போட்டேன். மூன்று ஆண்டுத் தவணை. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அம்மா இரண்டே மாதத்தில் பின்வாசலில் பழைய மேசை ஒன்றைப் போட்டு, அதில் அடுப்பை வைத்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்.

கேட்டேன். “உள்ளே நின்னா தோள் வலிக்குதுய்யா. தாளிச்சா புகை போக மாட்டேங்குது. புதுசு கறுத்துப் போயிடும்னு பயமா வேற இருக்கு” என்றார்.

2019 தொடக்கத்தில் அலமாரியின் அடித்தட்டில் கைவைத்தபோது விரல் உள்ளே போய்விட்டது. கறையான்! முதுகுப் பலகை முழுவதும் மண்ணாகியிருந்தது. அப்போது இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி. இல்லாத அலமாரிக்கு எட்டு மாதம் பணம் கட்டினேன்.

அந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் அரங்கில் பகிர்ந்துகொண்டேன். குறைந்த பணத்தில் சமையலறை கட்டுவோர், பிறகு மாற்ற முடியாததற்கு முதலில் செலவழிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வாங்கக்கூடியதைக் கடைசிக்கு விடவேண்டும்.

தொழிலாளர் வீட்டுக்காகப் பிறந்த சமையலறை

சிறிய வீடு, குறைந்த பணம் என்பது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டினார்கள். அவற்றின் சமையலறையை 1926-இல் வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். அவர் அமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் கணக்கில் சுமார் 6 அடிக்கு 11 அடி. நம் மலிவு விலை வீட்டுச் சமையலறையும் ஏறக்குறைய அதே அளவுதானே!

ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை குறுகிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். சமைக்கும் பெண் ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார். அதன் பிறகே எது எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலிக்கும் அதில் இடம் இருந்தது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை அமைந்தது. இன்று உலகம் முழுவதும் விற்கும் ‘பொருத்தப்பட்ட’ சமையலறைகளுக்கு இதுவே முன்னோடி என்கிறார்கள்.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய முடிகிறது, பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை என்று குடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நமக்கும் அது பாடம்தான். சாதாரண நாளில் அம்மா ஒருவர், தீபாவளிக்கு முதல் நாள் அத்தை, சித்தி, அண்ணி என நான்கு பேர்.

நம் நாட்டில் 1982-இல் அரசாங்கம் மலிவு விலை வீட்டின் உச்ச விலையை 25,000 வெள்ளி என்று நிர்ணயித்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து அது 42,000 வெள்ளி வரை உயர்ந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது வெளியேறிய நம் குடும்பங்கள் பல, இத்தகைய வீடுகளுக்கே வந்தன. வீடு கிடைத்தது. ஆனால் அதன் சமையலறையை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தர ஆளில்லை.

பணம் கட்டும் முன் ஒரு வாரம்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் சமைப்பவரைக் கவனியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நின்று நறுக்குகிறாரா, உட்கார்ந்து நறுக்குகிறாரா? அரிசி எங்கே, தண்ணீர் எங்கே, அடுப்பு எங்கே? எந்தப் பாத்திரத்தைத் தினமும் எடுக்கிறார், எது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் இறங்குகிறது?

பிறகு ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் புதிய சமையலறையை உண்மையான அளவில் வரையுங்கள். மேடை, அடுப்பு, சிங்க், குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் கோடு போட்டுக் காட்டுங்கள். அம்மாவை அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். இடிக்கிற இடம் அங்கேயே தெரிந்துவிடும். செலவு, சுண்ணாம்புக் கட்டி ஒன்று.

சிங்க், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றும் ஒரு முக்கோணமாக அமையட்டும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 1940-களில் நடந்த ஆய்விலிருந்து வந்த வழி இது. மூன்று பக்கத்தையும் கூட்டினால் 26 அடியைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. நம் சிறிய வீடுகளில் அது தாண்டப் போவதில்லை. நமக்கு முக்கியம் வேறு. சிங்குக்கும் அடுப்புக்கும் இடையே குறைந்தது இரண்டு அடி வெறும் மேடை வேண்டும். நறுக்குவதும் பிசைவதும் இறக்கி வைப்பதும் அங்கேதான்.

அம்மாவின் முழங்கையே அளவுகோல்

கடை அலமாரிகளின் மேடை பெரும்பாலும் 34 முதல் 36 அங்குல உயரத்தில் வரும். என் அம்மாவின் உயரம் நாலடி பதினோரு அங்குலம். 34 அங்குல மேடைமேல் அடுப்பு ஒன்றை வைத்தால் அது இன்னும் ஐந்து அங்குலம் ஏறும். அதன்மேல் கடாய். தோள்மட்டத்தில் கரண்டியைப் பிடித்துக் கிண்டினால் வலிக்காமல் என்ன செய்யும்?

நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே இருக்கிறதோ, அதற்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்கவேண்டும். அம்மாவுக்கு அது 32 அங்குலம். அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் இன்னும் ஐந்து அங்குலம் தாழ்த்தினால் கடாயும் கைக்கு அடங்கும். செங்கல் மேடை என்றால் கொத்தனாரிடம் சொன்னால் போதும், கூடுதல் செலவு இல்லை. கடையில் செய்து வரும் அலமாரியில் இதைக் கேட்டுப் பெறுவது கடினம்.

மேடையின் ஒரு பகுதிக்குக் கீழே எதுவும் அடைக்காமல் திறந்து விடுங்கள். ஒரு முக்காலி உள்ளே போகட்டும். வயதானவர்கள் உட்கார்ந்தே பாதி வேலையை முடிப்பார்கள்.

பத்துப் பங்குக் கணக்கு

உங்களிடம் இருக்கும் பணம் எவ்வளவாக இருந்தாலும் அதைப் பத்தாகப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் 2022-இல் இரண்டாம் முறை செய்தபோது கையில் இருந்தது 8,000 வெள்ளி. ஒரு பங்கு 800 வெள்ளி.

தண்ணீர், கழிவுநீர், தரை: மூன்று பங்கு, 2,400 வெள்ளி. இதுதான் பெரும் பங்கு. குழாய் சுவருக்குள் போகும். தரைக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு அதை உடைக்காமல் திருத்த முடியாது. தண்ணீர் தேங்காமல் ஓடத் தரைக்குச் சரியான வாட்டம் வேண்டும். டைல்ஸ் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். துளையை நோக்கி ஓடாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நம் சமையலில் தேங்காய்ப் பாலும் எண்ணெயும் அதிகம். ஆகவே சிங்கின் கீழ் எண்ணெயைப் பிடிக்கும் பொறி ஒன்றைப் போட்டால் குழாய் அடைக்காது.

மின்சாரம்: இரண்டு பங்கு, 1,600 வெள்ளி. நம் வீடுகளில் பெரும் ஆபத்து இங்கேதான். 13 ஆம்பியர் பிளக் ஒன்று சுமார் 3,000 வாட் வரைதான் தாங்கும். ஒரே நீட்டிப்புக் கம்பியில் தண்ணீர்க் கெட்டில் 2,000, சோற்றுப் பானை 700, ஏர் ஃபிரையர் 1,500 என்று மாட்டினால் 4,200 வாட் ஆகிவிடுகிறது. கம்பி சூடாகி உருகும். எனவே மேடை நெடுகச் சுவரிலேயே போதிய பிளக்குகள் வேண்டும். சிங்கையும் அடுப்பையும் விட்டுத் தள்ளியே அவை இருக்கட்டும். பதிவு பெற்ற மின்சாரக் குத்தகையாளரையே கூப்பிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடை: இரண்டு பங்கு, 1,600 வெள்ளி. செங்கல் தூண், கான்கிரீட் பலகம், மேலே டைல்ஸ். பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் தண்ணீரும் கறையானும் ஒன்றும் செய்யாது.

காற்றும் கேஸும்: ஒரு பங்கு, 800 வெள்ளி. தாளிக்கும் புகை வெளியே போக ஒரு மின்விசிறி, அல்லது ஜன்னலுக்கு நேரே அடுப்பு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். கேஸ் தோம்பை மூடிய அலமாரிக்குள் வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தோம்பு இருக்குமிடம் காற்றோட்டமாக இருக்கட்டும். கதவு போட்டால் அதன் அடிப்பகுதியில் துளைகள் வேண்டும். ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் சிரிம் முத்திரை உள்ளவையா என்று பாருங்கள். குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பொருள் வைக்கும் இடம்: ஒரு பங்கு, 800 வெள்ளி. ஆம், ஒரே பங்குதான்! திறந்த தட்டுகள், மேடைக்குக் கீழே இரண்டு அலுமினியக் கதவுகள். மீதியை அடுத்த ஆண்டு, அதற்கு அடுத்த ஆண்டு என்று சேர்த்துக்கொள்ளலாம்.

கைக்காப்பு: ஒரு பங்கு, 800 வெள்ளி. சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் பழைய கழிவுக் குழாய் வெடித்திருந்தது. இந்தப் பணம் இல்லாதிருந்தால் கடன் வாங்கியிருப்போம்.

ரப்பர் மண்ணில் ஒரு விருந்தாளி

பேராவில் பல வீடமைப்புப் பகுதிகள் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்தவை. மரங்களை வெட்டி நிலத்தைச் சமன் செய்யும்போது கட்டைகளும் வேர்களும் மண்ணுக்குள் புதைந்து போவதுண்டு. ரப்பர் மரத்தையே தாக்கும் கறையான் இனங்கள் அவற்றில் வாழ்ந்துகொண்டிருக்கும். கட்டை தீர்ந்ததும் வீட்டுக்குள் வருகின்றன. தரை வெடிப்பும் குழாய் நுழையும் ஓட்டையும்தான் அவற்றின் வாசல். ஆக, கறையான் ஒருவகையில் நம் பழைய தோட்டத்து அண்டை வீட்டார்தான்!

இந்த மண்ணில் வீடு வைத்திருப்போர் மூன்றைக் கவனியுங்கள். மரமோ ஒட்டுப்பலகையோ தரையையும் சுவரையும் தொடாமல் இடைவெளி இருக்கட்டும். குழாய் நுழையும் ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை சிங்கின் கீழே விளக்கடித்துப் பாருங்கள். விரல் தடிமனில் மண்குழாய் ஓடினால் அது கறையான் பாதை. வெறுமனே துடைத்துவிட்டால் வேறு வழியாக வரும், கூட்டையே ஒழிக்கும் மருந்து தேவைப்படும்.

மரக்கதவுதான் வேண்டும் என்போருக்கு ஒரு செய்தி. நாம் பால் வெட்டிய அதே ரப்பர் மரம்தான் இன்று தளவாடமாகி வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். மருந்தேற்றாத ரப்பர் பலகையைப் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் படும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

அரங்கில் வந்த கேள்விகள்

கம்பாரிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார்: “குத்தகையாளர் எழுபது விழுக்காடு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள் அம்மா. பத்து அல்லது இருபது விழுக்காடு போதும். பிறகு குழாய் முடிந்ததும் ஒன்று, மேடை முடிந்ததும் ஒன்று என்று வேலையைப் பார்த்துக் கொடுங்கள். கடைசிப் பத்து விழுக்காட்டைப் புழங்கிப் பார்த்து இரண்டு வாரம் கழித்துக் கொடுங்கள். என்ன பொருள், என்ன அளவு, எந்தத் தேதி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம். எழுத்தும் ரசீதும் இல்லையென்றால் அங்கே போயும் பேசுவது சிரமம்.

ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் இளைஞர்: “சமையலறைச் சுவரை உடைத்து வரவேற்பறையோடு சேர்க்கலாமா?”

கேட்காமல் உடைக்காதீர்கள் தம்பி. பல அடுக்குமாடிகளில் சுவரே மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்குகிறது. 2013-ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ் நிர்வாகக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. தரை வீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். பின்பக்கம் சமையலறையை நீட்டுவதற்கு முன் ஊராட்சி மன்றத்தில் அனுமதி பெறுங்கள். அனுமதியில்லாமல் கட்டியதை உடைக்கச் சொன்னால் போட்ட பணம் அத்தனையும் போய்விடும்.

புந்தோங்கிலிருந்து வந்த பெண்மணி: “நாங்கள் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்கிறோம். எங்களுக்கும் இதே கணக்கா?”

இல்லை அக்கா. கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன ஊர்க்காரர் நீங்கள். உங்களுக்குக் காற்றுக்கும் கேஸுக்கும் ஒரு பங்கு போதாது. பொருள் வைக்கும் இடத்துக்கான பங்கையும் அதில் சேருங்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு அருகில் சிறு பிள்ளைகள் வர முடியாதபடி அடுப்பைச் சுவர் ஓரமாகத் தள்ளி வையுங்கள்.

பணம் எங்கிருந்து?

ஊழியர் சேம நிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகள் உள்ளன. அதில் நெகிழ்வுக் கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சமையலறைக்கும் எடுக்கலாம்தான். ஆனால் அது நாளைய மருத்துவச் செலவுக்கும் உதவக்கூடிய பணம். குழாய்க்கும் மின்கம்பிக்கும் எடுத்தால் நியாயம் உண்டு. கதவின் நிறத்துக்காக எடுக்காதீர்கள். வட்டி முதலைகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு ஒரு சமையலறைக்குப் பத்து மாதம் சேர்த்து வைக்க முடியாதா? நாங்கள் மாதம் 800 வெள்ளி ஒதுக்கினோம். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அலமாரிக் கதவு இல்லை. துணித்திரைதான் தொங்கியது. வந்த உறவினர் சிலர் “வேலை இன்னும் முடியலையா?” என்றார்கள். முடியவில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

ஆனால் அன்று காலை நான் எழுந்தபோது அம்மா உள்ளே இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த மேடையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பின்வாசல் மேசையில் பலகாரம் சுடும் கடாய் மட்டும் இருந்தது. “இது நம்ம தோட்டத்துக் குசினி மாதிரியே இருக்குய்யா” என்றார்.

அடுத்த தீபாவளிக்கு அலமாரி பார்க்கக் கடைக்குக் கிளம்புவோர், அதற்கு முன் உங்கள் வீட்டில் சமைப்பவரின் பக்கத்தில் ஒரு வாரம் நில்லுங்கள். என்ன கட்டவேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.